சீன முழு இலைத் தேயிலை: இலையின் அளவை எப்படிப் பார்ப்பது, எதை நம்புவது

கொங்கு நாட்டில் டீ என்றாலே தூள் டீதான். வால்பாறையிலும் குன்னூரிலும் சி.டி.சி. இயந்திரத்தில் நசுங்கி, கிழிந்து, சுருண்டு வரும் குருணையும் டஸ்ட்டும்தான் பாலோடு கொதித்து நம் டம்ளருக்கு வருகின்றன. அதில் கணக்கு சுலபம். தூள் எவ்வளவு பொடியோ அவ்வளவு சீக்கிரம் டிகாக்‌ஷன் இறங்கும், நிறமும் துவர்ப்பும் ஏறும். அந்தக் கணக்குக்குப் பழகிய கண்ணோடு சீன முழு இலைத் தேயிலையைப் பார்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது. பெரிய இலையைக் கண்டால் "முற்றிய இலையைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று சிலருக்குத் தோன்றும். இன்னும் சிலர் பெரிதாக இருந்தாலே உசத்தி என்று நம்பி வாங்குவார்கள். இரண்டுமே தப்பு.

பாக்கெட்டில் இலை சிறிதாகவோ பெரிதாகவோ தெரிவதற்கு நான்கு காரணங்கள் உண்டு: செடியின் இனம், பறித்த வயது, சுருட்டிய விதம், உடைசல். உலர்ந்த இலையில் இந்த நான்கும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நனைத்து விரித்தால்தான் பிரியும். கீழே சொல்லும் முறை முழுக்க அந்தப் பிரித்தலுக்காகத்தான்.

முதலில் செடி

தேயிலைச் செடியில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று சீனாவின் கிழக்குப் பகுதியில் பரவலாக உள்ள சிற்றிலை வகை. மற்றது அசாமிலும் சீனாவின் யுன்னான் மாகாணத்திலும் வளரும் பேரிலை வகை. சீன ஆய்வாளர்கள் செடியில் முதிர்ந்த இலையை அளந்து, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, அதை 0.7 ஆல் பெருக்கிப் பரப்பைக் கணக்கிடுகிறார்கள். 20 சதுர செ.மீ.க்குக் கீழே வந்தால் சிற்றிலை, 20 முதல் 40 வரை நடுத்தரம், 40 முதல் 60 வரை பேரிலை, 60க்கு மேல் மிகப் பேரிலை. உதாரணத்துக்கு, 12 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள இலைக்கு 42 சதுர செ.மீ. வரும். அது பேரிலை.

இந்தக் கணக்கை உங்கள் கோப்பையில் விரிந்த இலைக்கு அப்படியே போடக்கூடாது. நமக்கு வருவது கொழுந்து, முதிர்ந்த இலை அல்ல. யுன்னான் பேரிலைச் செடியின் இளம் மொட்டும் 3 செ.மீ.தான் இருக்கும். ஆனால் அது தடிமனாகவும் சதைப்பற்றோடும் இருக்கும். அதனால் இனத்தைக் கண்டுபிடிக்க நீளத்தைவிடத் தடிமனும், மொட்டின் அடிப்பருமனும், நரம்புகளுக்கு இடையே இலை எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதும்தான் உதவும்.

தேவையான சாமான்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. நகை வேலை செய்வோர் வைத்திருக்கும் மாதிரிதான், விலை அதிகமில்லை. ஒரே அளவுள்ள, மூடியோடு கூடிய வெள்ளைப் பீங்கான் கோப்பைகள், வெள்ளைத் தட்டு, ஸ்டீல் ஸ்கேல், மழுங்கிய முனையுள்ள இடுக்கி, ரவை சலிக்கும் சல்லடை, கடிகாரம். ஸ்டீல் டம்ளர் வேண்டாம். சாற்றின் நிறம் அதில் தெரியாது. சூடும் உதட்டிலேயே நின்றுவிடும்.

தண்ணீரில் கவனம் வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் அதையே வடிகட்டிக் கொதிக்க வைத்தால் போதும், மென்மையான நீர் அது. போர் தண்ணீர் மட்டும் உள்ள இடங்களில் அதை நேராகப் பயன்படுத்தினால் சாற்றின் மேல் ஆடை மாதிரி ஒரு படலம் கட்டும், நிறம் மங்கும், பச்சைத் தேயிலையின் மணம் அமுங்கிப்போகும். அந்தக் குறையை இலையின் தலையில் போட்டுவிடுவோம். ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு நேர் எதிர். உப்பே இல்லாமல் எடுத்துவிட்டால் டீ சப்பென்று இருக்கும். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் 50 முதல் 150க்குள் வருகிற மாதிரி ஆர்.ஓ. நீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். ஒப்பிடும் எல்லாக் கோப்பைக்கும் ஒரே கெட்டில், ஒரே தண்ணீர்.

ஊரின் உயரமும் கணக்கில் வரும். கோவையில் தண்ணீர் சுமார் 98.5 டிகிரியில் கொதிக்கும். வால்பாறையில் 96க்குப் பக்கம், ஊட்டியில் 93க்கும் கீழே. கோவையில் எடுத்த குறிப்பையும் ஊட்டியில் எடுத்த குறிப்பையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்காதீர்கள்.

உலர்ந்த இலை

பாக்கெட்டைக் குலுக்காதீர்கள், மேலாகவும் அள்ளாதீர்கள். லாரியில் வந்த வழியிலேயே உடைசலும் தூசியும் அடியில் இறங்கியிருக்கும், முழு இலை மேலே மிதக்கும். பாக்கெட்டைப் படுக்க வைத்து, நீளவாக்கில் வெட்டித் திறந்து, நடுவிலிருந்து மேலும் கீழும் சேர்த்து 10 கிராம் எடுங்கள். இதைச் சல்லடையில் போட்டு மெதுவாக ஆட்டி, கீழே விழுந்ததை எடை போடுங்கள். அரை கிராமுக்குள் இருந்தால் குறையில்லை. ஒரு கிராமைத் தாண்டினால் அது முழு இலை விலைக்கு வாங்கக்கூடிய சரக்கல்ல. சலித்த உடைசலைத் திரும்பக் கலந்து ருசி பார்க்காதீர்கள். பொடி முந்திக்கொண்டு இறங்கித் துவர்ப்பைக் கூட்டிவிடும், இலையின் குணம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து எண்ணிக்கை. அரை கிராம் எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள். இல்லையென்றால் தராசும் ஆடும், மொட்டும் பறக்கும். சீனாவில் சூஜோ நகருக்குப் பக்கத்திலுள்ள துங்திங் மலையில் விளையும் பிலோசுன் என்ற பச்சைத் தேயிலையின் உயர்தரத்துக்கு, 500 கிராமில் அறுபது எழுபதாயிரம் மொட்டு என்று கணக்குச் சொல்வார்கள். அரை கிராமுக்கு 60 முதல் 70 வரும். எண்ணிக்கை இதில் பாதிக்கும் கீழே நின்றால், பெயர் எதுவானாலும் அது பிந்திப் பறித்த இலை, அல்லது வேறு இனம்.

ஸ்பூனால் அளப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஜெஜியாங் மாகாணத்தின் கன்பவுடர் டீ மிளகுபோல் உருண்டு இறுகியிருக்கும். பாய் மூதான் என்ற வெள்ளைத் தேயிலை சருகுபோல் விரிந்து கிடக்கும். ஒரே ஸ்பூனில் ஒன்று மற்றதைப்போலப் பல மடங்கு எடை வரும். "கன்பவுடர் ரொம்பக் கடுமை, வெள்ளை டீயில் ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஸ்பூனால் போட்டவர்கள்தான்.

நனைத்துப் பார்ப்பது

சீனாவின் தர ஆய்வு முறையில் 3 கிராம் இலைக்கு 150 மி.லி. கொதிநீர். பச்சைத் தேயிலை 4 நிமிடம், சிவப்புத் தேயிலையும் வெள்ளைத் தேயிலையும் 5, பாதி புளிக்கவிட்டுச் செய்யும் ஊலாங் நீளவாக்கில் முறுக்கியதானால் 5, உருண்டையாகச் சுருட்டியதானால் 6. (நாம் கறுப்பு டீ என்பதைச் சீனர்கள் சிவப்புத் தேயிலை என்கிறார்கள்.) குடிப்பதற்குப் பச்சைத் தேயிலையை 80 டிகிரியில் போடுவதுதான் நல்லது. ஆனால் ஒப்பிடும்போது கொதிநீரே வேண்டும். இளஞ்சூடு குறைகளை மறைத்துவிடும்.

சாற்றை வேறு கோப்பையில் வடித்த கையோடு, மூடியின் அடிப்புறத்தையும் சூடான இலையையும் முகர்ந்து பாருங்கள். பிறகு இலையைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். தண்ணீரில் மிதக்கும்போதுதான் இலை மடிப்பில்லாமல் விரியும். வெறும் தட்டில் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் ஓரம் சுருண்டுவிடும், அளவு தப்பும். பத்து இலையை எடுத்து நீளமும் அகலமும் அளந்து எழுதுங்கள். அதோடு இவற்றையும் பாருங்கள்: மொட்டு மட்டுமா, மொட்டும் ஒரு இலையுமா, இரண்டு இலையா, காம்பு இருக்கிறதா, வெட்டு கத்தியில் அறுத்தமாதிரி நேராக இருக்கிறதா, பிய்ந்திருக்கிறதா, ஓரத்தின் பல்வரிசை தெளிவாக இருக்கிறதா, விரலுக்கிடையில் வைத்து உருட்டினால் வழுவழுப்பா, காகிதம்போல் விறைப்பா. இளம் இலை வழுக்கும். முற்றியது விறைத்து நிற்கும், பல்வரிசை கூர்மையாக இருக்கும், நரம்பு முதுகில் எழும்பியிருக்கும்.

நன்றாக வறுத்த, ஃபூஜியான் மாகாணத்து வூயி மலை ஊலாங்குகள் முழுதாக விரியாது. கரிநெருப்பில் பலமுறை வாட்டியதால் இலை சுருங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், முதுகில் தவளைத்தோல்போல் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். அதை இழுத்து அளக்கப் பார்த்தால் கிழியும். மூன்றாவது முறை நீர் ஊற்றிய பிறகு அளந்துகொள்ளலாம்.

எதோடு எதை ஒப்பிடுவது

கிடைத்த பத்து டீயை ஒரே நாளில் வரிசையாக வைப்பதில் பயனில்லை. ஒரே ஒரு காரணம் மட்டும் மாறுகிற மாதிரி சேர்க்கையைத் தேர்ந்தெடுத்தால் ஒரே உட்காரலில் தெளிவு கிடைக்கும்.

பறித்த வயதை மட்டும் பார்க்க ஃபூஜியான் மாகாணத்தின் ஃபூதிங் வெள்ளைத் தேயிலை மூன்றையும் எடுங்கள். பாய்ஹாவ் யின்ஜென் என்பது மொட்டு மட்டும், சுமார் 3 செ.மீ., உடம்பு முழுக்க வெள்ளை ரோமம். பாய் மூதான் மொட்டோடு ஒன்றிரண்டு இலை. ஷோ மெய் பெரும்பாலும் பின்னால் பறித்த விரிந்த இலை, காம்பும் இருக்கும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரே செடியில் வந்த விரலியையும் கிழங்கையும் தனித்தனிக் குவியலாகப் போட்டுத் தனித்தனி விலை சொல்வதுபோலத்தான் இதுவும். இவற்றை உருட்டுவதும் இல்லை, சட்டியில் வறுப்பதும் இல்லை. வாட்டி உலர்த்துவதோடு சரி. அதனால் சுருட்டலின் வேஷம் எதுவும் இல்லாமல் வயதின் வேறுபாடு அப்படியே தெரியும். யின்ஜென்னின் சாறு வெளிர், வாயில் மென்மை. பாய் மூதானில் மணம் விரியும். ஷோ மெய்யில் நிறம் அடர்ந்து இனிப்பும் கனமும் வரும், நாலைந்து முறை நீர் ஊற்றினாலும், சட்டியில் போட்டுக் கொதிக்க விட்டாலும் தாங்கும்.

இந்த மூன்றிலும் விலை இறங்க இறங்க ருசியும் இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலில்லாத டீக்குப் புதிதாக வருபவருக்கு ஷோ மெய்தான் சரியான வாசல் என்பது எங்கள் உறுதியான கருத்து. யின்ஜென்னில் தொடங்கியவர்கள் "வெந்நீர் மாதிரி இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணமும் அளவில் இல்லை. மொட்டு கசங்காமல், ரோமம் மூடிக் கிடப்பதால் சாறு மெதுவாகத்தான் வெளியேறும். 5 நிமிடத்தில் வெளிறி இருப்பது 8 நிமிடத்தில் நிறையும். நிறம் குறைந்திருப்பதால் காஃபீனும் குறைவு என்று எண்ணி இரவில் குடிக்கவும் வேண்டாம். மொட்டிலும் முதல் இலையிலும்தான் காஃபீன் அதிகம், முதிர்ந்த இலையில் குறைவு.

ஒரே மாகாணத்தில் பறிப்பு மரபு எவ்வளவு மாறும் என்று பார்க்க அன்ஹுய் மாகாணத்தின் மூன்று பச்சைத் தேயிலைகள். ஹுவாங்ஷான் மாவ்ஃபெங் மொட்டும் முதல் இலையும். அதன் அடியில் பொன்மஞ்சளாக ஒரு குட்டி இலை ஒட்டியிருக்கும். அது பழுத்த இலை அல்ல, குளிர்காலம் முடிந்து கொழுந்து விடும்போது மற்ற இலைகளுக்கு முன்னால் விரியும் 'மீன் இலை'. அதைப் பொறுக்கி எறிய வேண்டாம், நல்ல மாவ்ஃபெங்கின் அடையாளமே அதுதான்.

லூஆன் குவாப்பியனில் மொட்டே கிடையாது, காம்பும் கிடையாது. கொழுந்தை ஓரளவு விரியவிட்டுப் பறித்து, இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறார்கள். கடைசி வாட்டலில் இருவர் ஒரு பெரிய மூங்கில் கூடையைத் தூக்கி, கொழுந்துவிட்டு எரியும் கரிநெருப்பின் மேல் சில வினாடி வைத்து எடுத்து, இலையைப் புரட்டி, மீண்டும் வைத்து எடுப்பார்கள். அதனால் உலர்ந்த இலையின் மேல் வெண்பூச்சு படியும். "மொட்டு இல்லை, ஆகவே மட்டம்" என்ற விதி இங்கே எடுபடாது. மொட்டு இருந்தால்தான் இதில் குறை.

தைப்பிங் ஹோக்குய் இன்னும் வேடிக்கை. இரண்டு இலை நடுவில் ஒரு மொட்டு, கையால் ஒவ்வொன்றாக வலையில் அடுக்கி அழுத்தி உலர்த்தியது. உலர்ந்த நிலையிலேயே 5 முதல் 8 செ.மீ. நீளம், தட்டையாக, வலையின் கட்டம் பதிந்து இருக்கும். நனைந்த பின் நடுநரம்பு செம்மையோடிய கோடாகத் தெரியும். இவ்வளவு பெரிய இலை காட்டம் காட்டும் என்று நினைப்போம். ஆனால் சாறு மென்மை, பூமணம். அதிகம் கசக்காமல் அழுத்தியதால் இலையின் செல்கள் உடையவில்லை என்பதே காரணம். ஆய்வுக் கோப்பையில் இது அடங்காது. உயரமான கண்ணாடி டம்ளரில் 3 கிராமை நிறுத்தி 150 மி.லி. ஊற்றினால் மேல்பாதி வெளியே நிற்கும், ஆகவே நீர் முழுதும் மூடுகிறபடி வாய் குறுகலான டம்ளராகத் தேர்ந்தெடுங்கள்.

செடி இனத்தைப் பார்க்கச் சிவப்புத் தேயிலைகள் உகந்தவை. வூயி மலையின் தோங்மூ பகுதியில் 2005இல் உருவான ஜின் ஜூன் மெய் சிற்றிலைச் செடியின் மொட்டு. யுன்னானின் தியான்ஹோங் பேரிலைச் செடி. அங்குள்ள ஃபெங்சிங்கில் இதன் உற்பத்தி 1939இல் தொடங்கியது. தியான்ஹோங் மொட்டு பருத்து, பொன்னிற ரோமத்தோடு இருக்கும். சாறு கனம், மால்ட் மணம், துவர்ப்பும் கூடுதல், ஏனென்றால் பேரிலையில் பாலிஃபீனால் அதிகம். ஜின் ஜூன் மெய் மெலிந்து, கருமையும் பொன்னும் கலந்து இருக்கும். முழுக்கத் தங்கமாகப் பளபளக்கும் பருத்த மொட்டை அந்தப் பெயரில் விற்றால், அது யுன்னான் சரக்காக இருக்கவே வாய்ப்பு. இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து அரை கிராமில் எத்தனை மொட்டு என்று எண்ணினாலே பிடிபட்டுவிடும்.

அன்ஹுய் மாகாணத்தின் கீமுன் என்ற சிவப்புத் தேயிலையை இந்த வரிசையில் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. சென்டிமீட்டர் அளவில் பொடிப்பொடியாக இருக்கும், நனைத்தால் வெட்டுத் தெரியும். அது கையிருப்பில் உடைந்ததல்ல. மரபாகவே சலித்து வெட்டி ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். முழு இலைக்கான விதியால் அதை மதிப்பிடுவது அநியாயம்.

சுருட்டலைப் பார்க்கத் தியேகுவான்யின் என்ற உருண்டை ஊலாங் போதும். பட்டாணி அளவு உருண்டை நனைந்ததும் முழு விரல் நீள இலையாக விரிவதைப் பார்த்தால் உலர்ந்த அளவை யாரும் நம்பமாட்டார்கள். விரிந்த இலையின் ஓரம் பிய்ந்திருந்தால் பதற வேண்டாம். இப்போதைய இளமணத் தியேகுவான்யினில் சிவந்த ஓரத்தைத் தயாரிப்பின்போதே உதிர்த்துவிடுகிறார்கள். பழைய முறையில் செய்ததிலும் வூயி ஊலாங்கிலும் ஓரம் சிவந்தும் நடு பச்சையாகவும் இருக்கும். அது புளிக்கவிட்ட அளவின் சாட்சி.

அடிக்கடி நடக்கும் தப்பு

பிலோசுன் சாறு கலங்கலாக இருந்தால் தூசி என்று முடிவுகட்டாதீர்கள். மொட்டின் ரோமம் உதிர்ந்து மிதப்பதுதான் அது. விளக்குக்கு எதிரே பிடித்தால் நுண்ணிய வெள்ளி இழைகள் சுழல்வது தெரியும். தூசியாக இருந்தால் அடியில் கறுப்பாகப் படியும். குடிக்கும்போது நீரை முதலில் ஊற்றிவிட்டு மேலே இலையைத் தூவினால் கலங்கல் குறையும்.

யுன்னானின் பூ-அர் டீயை வட்டாக அழுத்தி விற்பார்கள். அந்த வட்டை உடைக்கும்போது கத்தியை நடுவில் குத்தினால் முழு இலை வட்டும் உடைசலாகும். ஓரத்தில், இலை அடுக்கின் போக்கிலேயே மெல்லிய ஊசியைச் செருகி நெம்புங்கள். வட்டில் அச்சிட்ட எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இலை அளவு திறக்காமலே தெரியும். 7542 என்றால் 75 என்பது அந்தக் கலவை 1975இல் உருவானது, 4 என்பது இலையின் சராசரித் தரம், கடைசி 2 மெங்ஹாய் ஆலை. 7572இல் தர எண் 7, 8582இல் 8. எண் ஏற ஏற இலை பெரிது. தர எண் பெரிதானால் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 8582 அதன் கனத்துக்காகவே தேடி வாங்கப்படுகிறது.

நம் பாக்கெட்டுகளில் வரும் ஓ.பி., பி.ஓ.பி. போன்ற எழுத்துகள் அளவைத்தான் சொல்கின்றன, அவற்றைச் சீன டீக்குப் பொருத்த வேண்டாம். சீனப் பச்சைத் தேயிலையில் ஏப்ரல் 5ஆம் தேதி வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்ததா, 20ஆம் தேதியை ஒட்டிய கூயூவுக்கு முன் பறித்ததா என்று கேளுங்கள். முன்னது சிறிய மொட்டு, மென்மை. பின்னது இலை பெரிது, ருசி அழுத்தம், விலை குறைவு. தினமும் குடிக்கப் பின்னதே போதும்.

பெருங்காயம், மசாலாப் பொடி, கற்பூரம், அரைத்த காபி எதன் பக்கத்திலும் தேயிலை வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் மணம் ஏறிவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் நாளில் பாக்கெட்டைத் திறந்து போட்டால் இலை நமத்துவிடும். விரலில் நசுக்கினால் பொடியாகாமல் வளைகிற இலையை ஒப்பீட்டுக்கு எடுக்கக்கூடாது. பச்சைத் தேயிலையை மட்டும் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறைச்சூட்டுக்கு வரும்வரை அரை நாள் விட்டுவிட்டுப் பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த இலையின் மேல் நீர் கோத்துவிடும்.

விலையுயர்ந்த சீனத் தேயிலையைத் தொடுவதற்கு முன் கை பழக, நீலகிரியின் முழு இலை ஆர்த்தடாக்ஸ் டீயையும் (சி.டி.சி.யில் நசுக்காமல் இலையை உருட்டிச் செய்வது), அங்கேயே மொட்டில் செய்யும் வெள்ளை டீயையும் 50 கிராம் வாங்கி இதே முறையில் சலித்து, எண்ணி, நனைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு அட்டையிலும் தேதி, பறித்த பருவம், எடை, எண்ணிக்கை, பத்து இலையின் நீள அகலம், உடைசல் சதவீதம், நீர் எங்கிருந்து வந்தது, ருசி என்று எட்டு வரி எழுதி, அளந்த இலையில் ஒன்றை அட்டையிலேயே ஒட்டி உலர விடுங்கள். அடுத்த முறை புதுப் பாக்கெட் வரும்போது அந்த அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிரியுங்கள்.